எடை குறைக்க ஃபோன் செயலிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டரும் இல்லை, ஜிம் பயிற்சியாளரும் இல்லை. சாப்பிட்டதையும் நடந்ததையும் நாலு வருடமாக ஃபோனில் பதிந்து வரும் ஆள், அவ்வளவுதான். தெரிந்தவர்கள் யாராவது எடை குறைக்கக் கிளம்பினால் முதல் வேலையாக என்னிடம் ‘எந்த ஆப் போடலாம்?’ என்று கேட்கிறார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

செயலியை வைத்து நிஜமாகவே எடை குறையுமா?

செயலி குறைக்காது. எழுதி வைக்கும் பழக்கம் குறைக்க உதவும். இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் வேறு வேறு.

2008-ல் அமெரிக்காவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவச் சேவை நிறுவனம் நடத்திய ஆய்வில் கிட்டத்தட்ட 1,700 பேர் கலந்துகொண்டார்கள். சாப்பிட்டதைத் தினமும் குறித்து வைத்தவர்களுக்கு, எதுவும் எழுதாதவர்களை விட இரண்டு மடங்கு எடை குறைந்தது. அது ஸ்மார்ட்ஃபோன் செயலிகள் பரவாத காலம்.

அடுத்தது, பதியும் வேலையைக் கருவியிடம் விட்டால் என்ன ஆகும் என்று காட்டும் ஆய்வு. 2016-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில் 471 இளவயதினர் இருந்தார்கள், ஆய்வு இரண்டு வருடம் நடந்தது. எல்லோருக்கும் ஒரே உணவுத் திட்டம், ஒரே ஆலோசனை. ஆறு மாதம் கழித்து ஒரு பிரிவினருக்கு உடல் உழைப்பைத் தானாக அளக்கும், உடலில் மாட்டிக்கொள்ளும் கருவி கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினர் தாங்களே உட்கார்ந்து பதிய வேண்டும். கடைசியில் தாங்களே பதிந்தவர்களுக்குச் சராசரியாக 5.9 கிலோ குறைந்தது. கருவி மாட்டியவர்களுக்கு 3.5 கிலோதான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது: ஃபோனுக்கு எண்ணத் தெரியும், மறக்காமல் வைத்திருக்கத் தெரியும். ஊகிப்பதில்தான் அது சொதப்புகிறது. கீழே வரும் பாதிப் பதில்கள் இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வரும்.

சரி, எந்தச் செயலியைப் போடுவது?

நாலு வகை இருக்கிறது. சாப்பாட்டைப் பதிபவை (மைஃபிட்னஸ்பால், குரோனோமீட்டர், ஃபேட்சீக்ரெட்), நடையை எண்ணுபவை, எடையின் போக்கைக் காட்டுபவை (ஐஃபோனில் ஹேப்பி ஸ்கேல், ஆண்ட்ராய்டில் லிப்ரா), உடற்பயிற்சி சொல்லித்தருபவை. முதல் நாளே நாலையும் இறக்கிவைத்தவர்கள் இரண்டாவது வாரம் ஒன்றையும் திறப்பதில்லை. நானும் அப்படி ஒரு முறை செய்தவன்தான்.

சாப்பாட்டுச் செயலி ஒன்று, எடைச் செயலி ஒன்று, இது போதும். நடையை எண்ண ஃபோனிலேயே வசதி இருக்கிறது. சாப்பாட்டுச் செயலியைத் தேர்ந்தெடுக்க ஒரு சின்னச் சோதனை: நீங்கள் அடிக்கடி சாப்பிடும் ஐந்து உணவுகளை அதில் தேடிப் பாருங்கள். மூன்றாவது கிடைக்காதபோதே எரிச்சல் வருகிறதா? அந்தச் செயலி உங்களுக்கு ஆகாது. மற்ற வசதிகளையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பணம் கட்டும் திட்டம் வேண்டுமா?

முதல் இரண்டு மாதத்துக்கு வேண்டாம். இலவசமாக இருக்கும் வசதி நாளைக்கும் இலவசமாகவே இருக்கும் என்று நம்பவும் வேண்டாம். மைஃபிட்னஸ்பாலில் பார்கோடு ஸ்கேன் செய்யும் வசதி 2022-ல் கட்டணத் திட்டத்துக்குப் போய்விட்டது.

இலவச சோதனைக் காலம் என்று கார்டு விவரம் கேட்டால் ஒன்றை மறக்காதீர்கள். செயலியை ஃபோனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. செயலியை இறக்கிய ஸ்டோருக்குள் போய், சந்தாக்கள் பக்கத்தில் ரத்து செய்ய வேண்டும். எனக்கு இது ஐந்து மாதக் கட்டணம் போன பிறகுதான் தெரிந்தது.

‘உங்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கலோரி’ என்று செயலி எப்படிக் கணக்குப் போடுகிறது?

பெரும்பாலும் 1990-ல் வெளியான மிஃப்ளின் – செயின்ட் ஜியோர் சூத்திரம்தான். எடையைக் கிலோவில் எடுத்து 10-ஆல் பெருக்கு, உயரத்தை சென்டிமீட்டரில் எடுத்து 6.25-ஆல் பெருக்கி அதோடு கூட்டு, வயதை 5-ஆல் பெருக்கிக் கழி. ஆண் என்றால் 5 கூட்டு, பெண் என்றால் 161 கழி. நாள் முழுக்கச் சும்மா படுத்திருந்தாலும் உடம்பு செலவழிக்கும் கலோரி அது.

70 கிலோ, 160 செ.மீ., 35 வயதுப் பெண்ணுக்குப் போட்டுப் பார்ப்போம். 700 + 1,000 – 175 – 161 = 1,364. இதற்குப் பிறகுதான் வினை. ‘நீங்கள் எவ்வளவு சுறுசுறுப்பானவர்?’ என்று செயலி ஒரு கேள்வி கேட்கும். ‘பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பேன்’ என்றால் 1.2-ஆல் பெருக்கும், 1,637 வரும். ‘லேசான சுறுசுறுப்பு’ என்றால் 1.375, அதாவது 1,875. கிட்டத்தட்ட 240 கலோரி வித்தியாசம்.

தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட வேண்டும் என்பது உங்கள் திட்டம் என்று வையுங்கள். ஆசையாக ஒரு பொத்தானை மாற்றி அழுத்தியதிலேயே அதில் பாதி போய்விட்டது. நம்மில் யாருக்கும் நம்மைச் சோம்பேறி என்று ஒத்துக்கொள்ள மனசு வராது. ஆனால் அந்த இடத்தில் மட்டும் மிகக் கீழே உள்ளதையே தேர்ந்தெடுங்கள். மூன்று வாரம் பதிந்த பிறகு எடை எப்படி நகர்கிறது என்று பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். அந்த மூன்று வாரக் கணக்கு உங்கள் உடம்பே சொல்வது. சூத்திரம் சொல்வது ஊருக்கெல்லாம் பொதுவான சராசரி.

வாரத்துக்கு ஒரு கிலோ என்று இலக்கு வைக்கலாமா?

ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. அதை ஒரே வாரத்தில் கரைக்க வேண்டுமானால் தினமும் 1,100 கலோரி குறைக்க வேண்டும். மேலே சொன்ன பெண்ணுக்கு மிஞ்சுவது 537 கலோரி. அதை வைத்துக்கொண்டு மனிதர் வேலைக்குப் போய் வர முடியாது. கால் கிலோ, அரைக் கிலோ என்று வையுங்கள். அப்புறம், எடை குறையக் குறைய உடம்புக்குத் தேவைப்படுவதும் குறையும். 5 கிலோ குறைந்ததும் செயலியில் புது எடையைப் போட்டு இலக்கைத் திரும்பக் கணக்கிடுங்கள். சில செயலிகள் தானாகச் செய்யும், சில செய்யாது.

எல்லாவற்றையும் சரியாகத்தான் பதிகிறேன், எடை மட்டும் அசையவே இல்லை. என் உடம்புவாகு அப்படியா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பதில் சொல்லச் சங்கடமாக இருக்கும் கேள்வியும் இதுதான்.

1992-ல் இதே புகாரோடு வந்த 10 பேரை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். 1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று உறுதியாக நம்பியவர்கள் அவர்கள். உடம்பு செலவழிக்கும் ஆற்றலைத் துல்லியமாக அளந்து பார்த்தால், வளர்சிதை மாற்றத்தில் கோளாறே இல்லை. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் எழுதியிருந்தார்கள். வேண்டுமென்றே பொய் சொன்னவர்கள் என்று அவர்களை நினைத்துவிடாதீர்கள். கண்ணளவில் சாப்பாட்டை அளக்க மனிதருக்கு வராது.

என் கதையைச் சொல்கிறேன். ‘எண்ணெய், ஒரு மேஜைக்கரண்டி’ என்று மாதக்கணக்கில் பதிந்துகொண்டிருந்தேன். செயலியின் கணக்குப்படி 14 கிராம், சுமார் 120 கலோரி. ஒரு நாள் சந்தேகம் வந்து, எண்ணெய் பாட்டிலை அப்படியே கிச்சன் தராசில் தூக்கி வைத்துப் பூஜ்ஜியமாக்கினேன். வழக்கம்போல வாணலியில் ஊற்றிவிட்டு பாட்டிலைத் திரும்ப வைத்தேன். திரையில் மைனஸ் 31. அதாவது சுமார் 275 கலோரி. ஒவ்வொரு சமையலுக்கும் 150 கலோரிக்கு மேல் கணக்கிலேயே வராமல் இறங்கியிருக்கிறது. பாட்டிலைத் தராசில் வைக்கும் இந்த முறை எண்ணெய், வெண்ணெய், தேன், நட் பட்டர் என்று எதற்கும் பொருந்தும். பாத்திரம் அழுக்காகாது, கரண்டி தேட வேண்டாம்.

வேறு எங்கெல்லாம் கணக்கு ஒழுகுகிறது?

சமைக்காத எடையில் அளந்துவிட்டு, செயலியில் சமைத்த உணவின் பதிவைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. தண்ணீரை இழுத்துக்கொண்டு தானியம் இரண்டு மூன்று மடங்கு கனத்துவிடும், இறைச்சி நீரை இழந்து எடை குறையும். எப்போதும் சமைப்பதற்கு முன் அளப்பது என்று ஒரே வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, செயலியில் இருக்கும் பதிவுகளே தப்பாக இருப்பது. பல செயலிகளில் அந்தப் பட்டியலில் பெரும்பகுதியைப் பயனாளர்களே ஏற்றியிருக்கிறார்கள். யாரோ ஒருவர் அவசரத்தில் 100 கிராமுக்குப் பதில் ஒரு துண்டுக்கான எண்ணைப் போட்டிருப்பார். சரிபார்க்க சுலபமான வழி ஒன்று இருக்கிறது. மாவுச்சத்து, புரதம் இரண்டும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு கிராமுக்கு 9. இவற்றைப் பெருக்கிக் கூட்டினால் அங்கே போட்டிருக்கும் மொத்தக் கலோரிக்கு அருகில் வர வேண்டும். வரவில்லையா, அந்தப் பதிவைத் தொடாதீர்கள். நான் சந்தேகம் வந்தால் குரோனோமீட்டரில் ஒரு முறை பார்த்துக்கொள்வேன், அது பெரும்பாலும் ஆய்வகத் தரவுகளை வைத்து நடப்பது.

பாக்கெட் மேல் அச்சிட்டதும் வேதவாக்கு அல்ல. அமெரிக்க விதிகளே கலோரி எண்ணில் 20 சதவீதம் வரை வித்தியாசத்தை அனுமதிக்கின்றன. அதற்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், அந்தப் பிழை நம் கையில் இல்லை. எண்ணெய் பாட்டில் நம் கையில் இருக்கிறது.

தட்டைப் படம் எடுத்தால் ஏஐ கலோரி சொல்லிவிடுகிறதே, அது போதாதா?

தட்டில் இருப்பது என்ன என்பதை ஓரளவு சரியாகச் சொல்கிறது. எவ்வளவு என்பதில்தான் இடறுகிறது. மேலிருந்து எடுத்த படத்தில் கிண்ணத்தின் ஆழம் தெரியாது, உள்ளே ஊறியிருக்கும் எண்ணெயும் தெரியாது. சோதனைக்காக, முழுக்கத் தராசில் அளந்து சமைத்த ஒரு கிண்ண உருளைக்கிழங்கை ஒரே மேசையில் வைத்து மூன்று கோணத்தில் படம் எடுத்தேன். மூன்று வேறு எண்கள் வந்தன.

ஆனாலும் வெளியில் சாப்பிடும்போது நான் படம் எடுத்து வைக்கிறேன், கலோரிக்காக இல்லை. ராத்திரி உட்கார்ந்து பதியும்போது ‘ஓ, இதையும் சாப்பிட்டோமே’ என்று ஞாபகம் வருவதற்காக.

வாழ்நாள் முழுக்க இப்படி எழுதிக்கொண்டே இருக்க வேண்டுமா?

ஐயோ, வேண்டாம். நாம் சாப்பிடுவதைப் பட்டியல் போட்டால் இருபது இருபத்தைந்து அயிட்டம்தான் திரும்பத் திரும்ப வரும். இரண்டு மாதம் ஒழுங்காக எழுதினால் அவற்றின் அளவு கண்ணுக்குப் பழகிவிடும். லண்டனில் நடந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சின்னச் செயல் யோசிக்காமல் செய்யும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்தது, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. அதனால், பலரும் சொல்வது போல 21 நாளில் பழக்கம் வரவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம்.

நான் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு வாரம் மட்டும் எழுதுகிறேன். கண்ணளவு எவ்வளவு தூரம் பெருத்திருக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும். பெருத்துத்தான் இருக்கும்.

தினமும் 10,000 ஸ்டெப் நடந்தே தீர வேண்டுமா?

அந்த எண் எந்த ஆராய்ச்சிக் கூடத்திலிருந்தும் வந்ததல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்த மறுவருடம், 1965-ல், ஜப்பானில் ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டும் நடைமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் ‘மான்போ-கேய்’. பத்தாயிரம் காலடி மானி என்று அர்த்தம். விளம்பரத்துக்கு வைத்த பெயர், இன்று உலகத்து ஃபோன்களிலெல்லாம் இலக்காக உட்கார்ந்திருக்கிறது.

2019-ல் சராசரியாக 72 வயதான 16,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து வெளியான ஆய்வில், தினம் 4,400 ஸ்டெப் நடந்தவர்களிடையே, 2,700 நடந்தவர்களை விட மரணம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 வாக்கில் அந்தப் பலன் மேலும் கூடாமல் நின்றுவிட்டது. இது ஆயுளைப் பற்றிய கணக்கு, எடையைப் பற்றியது அல்ல. வயது குறைந்தவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் 10,000 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை என்பது தெரிகிறதா?

முதல் வாரம் எதையும் மாற்றாமல் உங்கள் இயல்பான நடையை மட்டும் எண்ண விடுங்கள். 3,800 வருகிறதா? அடுத்த இரண்டு வாரத்துக்கு இலக்கு 5,000. அது சுலபமாகப் போனால் 6,000.

ஒரு காலத்தில் நான் ராத்திரி 11.40-க்கு சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே குறுக்கும் நெடுக்குமாக நடந்திருக்கிறேன். காரணம் 9,712. மறுநாள் காலை கால் வலியோடு தூக்கமும் போச்சு. அந்த 288 ஸ்டெப்பால் எரிந்தது பத்துப் பதினைந்து கலோரி இருக்கும்.

ஃபோன் எப்படி ஸ்டெப் எண்ணுகிறது? சில நாள் தப்பாகக் காட்டுகிறதே?

உள்ளே முடுக்கமானி என்று ஒரு சின்ன உணரி இருக்கிறது. மேல்-கீழ், முன்-பின், இட-வலம் என்று மூன்று திசை அசைவையும் அது அளக்கும். நடையில் வரும் சீரான ஆட்டத்தைக் கண்டுபிடித்து எண்ணுகிறது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் கையில் உள்ள கடிகாரத்துக்கு அந்த ஆட்டம் தெரியாது, குறைத்துக் காட்டும். குண்டும் குழியுமான சாலையில் வண்டி ஓட்டினால் நடக்காத ஸ்டெப் கூட ஏறும். ஃபோன் மேசையில் கிடந்தால் நடந்தது எதுவுமே சேராது. தினமும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் போதும். பிழை இருந்தாலும் ஒரே அளவு பிழையாக இருக்கும், நேற்றையும் இன்றையும் ஒப்பிடலாம்.

வாட்ச் ‘400 கலோரி எரித்துவிட்டீர்கள்’ என்கிறது. அதை ஈடுகட்டிச் சாப்பிடலாமா?

வேண்டாம். ஃபோன் ஊகித்துச் சொல்லும் எண்களிலேயே மோசமானது இதுதான்.

2017-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளை 60 பேருக்கு மாட்டிப் பார்த்தார்கள். இதயத் துடிப்பை ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதத்துக்குள்ளான பிழையோடு காட்டின. கலோரிக் கணக்கில், இருப்பதிலேயே நல்ல கருவி 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். கருவிகள் அதற்குப் பிறகு மேம்பட்டிருக்கலாம், ஆனால் அடிப்படைச் சிக்கல் மாறவில்லை. துடிப்பை அது அளக்கிறது: பச்சை விளக்கை அடித்து, தோலுக்கடியில் ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்க்கிறது. கலோரியை அளக்க அதனிடம் எந்த உணரியும் இல்லை. துடிப்பு, எடை, வயது, அசைவு எல்லாவற்றையும் சேர்த்து ஊகிக்கிறது.

கையால் கணக்குப் போட்டாலே நிதானம் வந்துவிடும். வேகநடை, உட்கார்ந்திருப்பதைப் போல நாலு மடங்குக்குக் கொஞ்சம் மேல், சுமார் 4.3 மடங்கு ஆற்றல் கேட்கும். சும்மா உட்கார்ந்திருக்க ஒரு கிலோ எடைக்கு மணிக்கு சுமார் 1 கலோரி என்று வைத்தால், 70 கிலோ ஆள் அரை மணி நேரம் நடக்க 4.3 × 70 × 0.5, அதாவது சுமார் 150 கலோரி. அதில் 35 சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். நிகரம் 115. ஒரு வாழைப்பழம் சாப்பிட்டால் அநேகமாக அது திரும்பி வந்துவிடும்.

அதனால் சாப்பாட்டுச் செயலியின் அமைப்புகளுக்குள் போய், உடற்பயிற்சிக் கலோரியை அன்றைய அளவோடு சேர்க்கும் வசதியை அணைத்துவிடுங்கள். முக்கியமாக, ஆரம்பத்தில் ‘நான் சுறுசுறுப்பானவர்’ என்று தேர்ந்தெடுத்திருந்தால், ஒரே நடை இரண்டு முறை கணக்கில் ஏறுகிறது.

நேற்றை விட இன்று ஒன்றரைக் கிலோ கூடிவிட்டது! என்ன தப்பு செய்தேன்?

அநேகமாக எதுவும் இல்லை. அது தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் (உடம்பு சேர்த்து வைக்கும் மாவுச்சத்து) சுமார் 3 கிராம் நீர் சேர்ந்து தங்கும். உப்பு அதிகமானால் நீர் நிற்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நிற்கும். புதிதாக உடற்பயிற்சி ஆரம்பித்து உடம்பெல்லாம் வலிக்கும் வாரத்திலும் நிற்கும். அந்த வாரம்தான் பாதிப் பேர் ‘இவ்வளவு கஷ்டப்பட்டும் ஏறுகிறதே’ என்று விட்டுவிடுகிறார்கள்.

இங்கேதான் எடைச் செயலி உதவுகிறது. காலையில் எழுந்து, கழிப்பறை போய்விட்டு, எதுவும் சாப்பிடாமல், தினமும் அதே நேரம் எடை பார்த்துப் பதியுங்கள். செயலி அந்த எண்களை எல்லாம் சராசரியாக்கி ஒரு கோடு போடும். அந்தக் கோட்டை மட்டும் பாருங்கள். ஒரு வாரம் என் எண்கள் இப்படி இருந்தன: 78.4, 78.9, 77.8, 78.1, 79.0, 78.2, 77.9. சராசரி 78.3. முந்தைய வாரச் சராசரி 78.7. வியாழக்கிழமையையும் வெள்ளிக்கிழமையையும் மட்டும் பார்த்திருந்தால் ஒரே நாளில் 900 கிராம் ஏறியது போலத் தெரிந்திருக்கும், வாரம் முழுக்கப் பார்த்தால் 400 கிராம் குறைந்திருக்கிறது.

தினமும் எடை பார்த்தால் மனசு கெட்டுப்போகிறது என்பவர்கள் வாரம் ஒரு முறை பார்க்கலாம், அல்லது இடுப்பை டேப்பால் அளக்கலாம். மாதம் இரண்டு முறை, தொப்புள் மட்டத்தில்.

ஸ்மார்ட் எடை மெஷின் காட்டும் கொழுப்பு சதவீதம் சரியா?

காலடியில் மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, உடம்பு எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்துக் கணக்கிடுகிறது. தண்ணீர் குடித்தாலே எண் மாறும். மாதக்கணக்கில் போக்கைப் பார்க்கலாம், ஒரு நாள் எண்ணுக்கு மதிப்பில்லை. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வகை மெஷினில் ஏறக் கூடாது.

உடற்பயிற்சி செயலிகளில் எது தொடங்க நல்லது?

ஓடிப் பழகாதவருக்கு ‘கவுச் டு ஃபைவ் கே’ திட்டம், அதாவது சோஃபாவில் கிடப்பவரை 5 கிலோமீட்டர் ஓட வைப்பது. 1996-ல் ஜோஷ் கிளார்க் உருவாக்கியது, ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாறி மாறி வரும். ‘இப்போது ஓடு, இப்போது நட’ என்று காதில் சொல்வதோடு செயலியின் வேலை முடிந்தது, அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கவும் தேவையில்லை. ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள், யாரும் மார்க் போடப் போவதில்லை.

வீட்டுக்குள்ளேயே என்றால் 7 நிமிடப் பயிற்சி செயலிகள் நிறைய உண்டு. 2013-ல் ஓர் அமெரிக்க விளையாட்டு மருத்துவ இதழில் வந்த கட்டுரைதான் அவற்றுக்கு மூலம்: 12 பயிற்சி, ஒவ்வொன்றும் 30 விநாடி, நடுவில் 10 விநாடி ஓய்வு. ஏழு நிமிடம் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டவர்கள் மறந்தது, அந்தச் சுற்றை இரண்டு மூன்று தடவை செய்யலாம் என்று அதே கட்டுரை சொன்னதை.

பலரும் விட்டுவிடுவது தசைப் பயிற்சி. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்போடு, வாரம் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் இது இன்னும் முக்கியம். இதற்குப் பெரிய செயலி வேண்டாம். எத்தனை கிலோ, எத்தனை தடவை என்று எழுதி, போன வாரத்தோடு ஒப்பிட வசதி இருந்தால் சரி. ஒரே எச்சரிக்கை: உங்கள் முழங்கால் உள்ளே மடங்குவதையோ முதுகு வளைவதையோ வீடியோவில் வரும் ஆள் பார்க்கப்போவதில்லை. தெரிந்தவர் யாரையாவது ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பக்கவாட்டிலிருந்து உங்களையே வீடியோ எடுத்துப் பாருங்கள்.

அறிவிப்புகள், தொடர் நாள் கணக்கு, பதக்கம் எல்லாம் உதவுமா?

கொஞ்ச நாள். 2016-ல் வெளியில் நடந்து திரிந்து ஆடும் போக்கிமான் கோ என்ற ஃபோன் விளையாட்டு வந்தபோது, விளையாடியவர்கள் முதல் வாரம் தினமும் சராசரியாக 955 ஸ்டெப் கூடுதலாக நடந்தார்கள் என்று ஓர் ஆய்வு கண்டது. ஆறாவது வாரத்தில் பழைய நிலைக்கே வந்துவிட்டார்கள். நான் எல்லா அறிவிப்பையும் அணைத்துவிட்டு, ராத்திரி சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்கு ஒரே ஒரு நினைவூட்டல் வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் யாருக்கு ஆகாது?

சாப்பாட்டுக் கோளாறு இருந்தவர்களுக்கு, இருப்பவர்களுக்கு. 2017-ல் அப்படிப்பட்ட 105 பேரிடம் கேட்டபோது முக்கால்வாசிப் பேர் மைஃபிட்னஸ்பால் பயன்படுத்தியவர்களாக இருந்தார்கள். அப்படிப் பயன்படுத்தியவர்களிலும் முக்கால்வாசிப் பேர், தங்கள் பிரச்சினையில் அதற்கும் பங்கு உண்டு என்றார்கள். செயலியால்தான் நோய் வந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் பதிய முடியாது என்பதற்காகவே ஒரு விருந்தைத் தவிர்க்கிறீர்கள், எண் சிவப்பானால் மறுநாள் பட்டினி கிடக்கிறீர்கள் என்றால், அன்றே செயலியை நீக்கிவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் கலோரி குறைக்கும் செயலிப் பக்கம் தாங்களாகப் போக வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். மருந்து அதே அளவில் இருக்க, உணவு மட்டும் குறைந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

என் தகவல்களெல்லாம் எங்கே போகின்றன?

நியாயமான பயம்தான். 2018 பிப்ரவரியில் மைஃபிட்னஸ்பாலின் சுமார் 15 கோடிக் கணக்குகளின் பயனர் பெயர், மின்னஞ்சல் முகவரி, மறைகுறியாக்கிய கடவுச்சொல் ஆகியவை களவுபோயின. அதே வருடம் ஜனவரியில், ஓட்டத்தைப் பதியும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்டிருந்த உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய பாதைகள் பளிச்சென்று தெரிந்தது செய்தியானது. ஒருவர் தினமும் ஓடும் பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ, அதுதான் அவர் வீடு. யோசித்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். வேறு எங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல் வையுங்கள். ஓட்டச் செயலியில் தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதியை இயக்குங்கள். சாப்பாட்டுச் செயலி இருப்பிட அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள், அது இல்லாமலே வேலை செய்யும். ஐஃபோனின் ஹெல்த், ஆண்ட்ராய்டின் ஹெல்த் கனெக்ட் இரண்டிலும் எந்தச் செயலி எதைப் படிக்கிறது என்று பட்டியலே இருக்கிறது. ஒரு செயலியை விடுவதென்றால், முதலில் உள்ளே போய்க் கணக்கை அழியுங்கள், பிறகு செயலியை நீக்குங்கள். செயலியை மட்டும் நீக்கினால் உங்கள் நாலு வருடச் சாப்பாட்டுக் கணக்கு அவர்கள் சர்வரில் பத்திரமாக இருக்கும்.

நடுவில் மூன்று வாரம் விட்டுவிட்டேன். எப்படித் திரும்ப ஆரம்பிப்பது?

விட்ட நாட்களை ஞாபகப்படுத்தி நிரப்ப உட்காராதீர்கள், அது வெறும் ஊகம். பழைய இலக்கை உடனே இழுத்துப் பிடிக்கவும் வேண்டாம். நாளை காலை எடையைப் பார்த்து, எண் எதுவானாலும் போடுங்கள். அடுத்த மூன்று நாள் வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டு, அதை மட்டும் பதியுங்கள். நாலாவது நாள் அந்தப் பட்டியலைத் திறந்து, எந்த ஒரு வரியைக் குறைத்தால் உங்களுக்கு வருத்தமே இருக்காது என்று தேடுங்கள். எனக்குப் போன முறை அது மாலை வேளையில் வேலை மேசையிலேயே வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட். அதை அலமாரிக்கு மாற்றினேன், பதிவிலிருந்தும் காணாமல் போய்விட்டது.